எலிக்கு வைத்த கருவாடு

காலை ஆறே காலுக்குப் பார்த்தபோது பழனிக்குமாரின் பட்டுக்கரை வேட்டியில் மூன்று ஓட்டைகள் இருந்தன. முந்தின நாள் அலமாரியில் வைத்தபோது ஒன்றுகூட இல்லை.

"இந்த வீட்ல இனிமே ஒண்ணு நான் இருக்கணும், இல்ல எலி இருக்கணும்" என்று அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்து முழங்கினார்.

அவர் மனைவி நாகஜோதி கோலப்பொடி டப்பாவை மூடினாள். "எலி வெஞ்சனத்துல உப்பு இல்லைன்னு சொல்லாது. யோசிச்சுச் சொல்றேன்."

நாகல் நகரில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் பழனிக்குமார். ஐம்பது வயதிலும் தலை நிறைய முடி. ஞாயிறுதோறும் மை பூசுவார். முன்பக்கம் ஓர் அலை எடுத்துச் சீவுவார். அது காற்றில் கலைந்துவிடும் என்று ஆட்டோவில் ஓரமாக உட்காரவே மாட்டார். அவருக்கு உலகத்தில் பிடித்தவை இரண்டு. ஒன்று அந்த முடி. இன்னொன்று சுட்ட கருவாடு.

புரட்டாசி மாதம் முடியை ஒன்றும் செய்யாது. கருவாட்டைத்தான் படியேற விடாது. நாகஜோதி பெருமாளைக் கும்பிடுகிற குடும்பத்துப் பெண். மாதம் பிறந்ததுமே மீன் சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவாள். பிறகு ஐப்பசி வரைக்கும் முட்டை என்ற சொல்கூட வீட்டில் புழங்காது.

எலி வந்தது அந்தப் புரட்டாசியின் தொடக்கத்தில். நாகஜோதி பின்கட்டுச் சாமான் அறையில் பொறியைத் திறந்து, தேங்காய்ச் சில்லு வைத்தாள். முதல் நாள் எலி விழவில்லை. பழனிக்குமாருக்கு யோசனை பிறந்தது.

"இது தேங்காய்க்கு மயங்குற எலி இல்ல ஜோதி. வேட்டியில பல்லு பதிஞ்சதைப் பாத்தியா? அசைவ எலி."

"எலியில அசைவம் வேறயா?"

"சுட்ட கருவாடு வச்சாத்தான் வரும்."

"புரட்டாசியில, இந்த வீட்லயா?"

"நமக்கா வைக்கிறோம்? எலி பெருமாளைக் கும்பிடுதா?"

"சரி. பின்கட்டோட நிக்கணும். நான் தொட மாட்டேன், பாத்துக்கங்க."

பக்கத்து வீட்டு சூசை கருவாடு சுட்டு, இலையில் மடித்து, சுவருக்கு மேலாகக் கொடுத்தார். பழனிக்குமார் அதைச் சாமான் அறைக்குள் கொண்டுபோனார். கதவைச் சாத்தினார். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சாயங்காலம் பார்த்தால் பொறி திறந்தபடியே இருக்கிறது, கருவாட்டைக் காணோம்.

"கெட்டிக்கார எலி" என்று அவரே பாராட்டினார்.

எலியின் நாக்கு நாளுக்கு நாள் நீண்டது. நெத்திலி போய்ச் சீலா வந்தது.

"என்னண்ணே, எலிக்குச் சீலாக் கருவாடா?" என்றார் சூசை.

"பெரிய எலி அப்பு."

"தொட்டுக்கச் சின்ன வெங்காயம் எதுக்குண்ணே?"

"வாசனை தூக்கும்ல?"

ஒருநாள் நாகஜோதி சாமான் அறையைக் கூட்டிவிட்டு வந்தாள். "ஏங்க, இந்த எலி முள்ளை எடுத்து ஓரமா வச்சிருக்கு."

"தொண்டையில மாட்டிக்கும்ல?"

"வெங்காயத் தோலையும் உரிச்சிருக்கு."

"நாகரிகமான எலி போல."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டால் ஆபத்து என்பதைக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கற்றிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம். சோறு போட்டுக்கொண்டே நாகஜோதி கேட்டாள்.

"இன்னைக்குக் கருவாடு போச்சா?"

"காலையிலயே போச்சு."

"அப்பாடா, விட்டுச்சு சனியன். நீங்க இலையைப் பின்கட்டுல வச்சிட்டுக் குளிக்கப் போனப்ப அதுல எலி மருந்தைத் தடவி வச்சேன்."

வாய்க்குப் போன சோற்றுருண்டை பாதி வழியில் நின்றது.

"அது... தின்னா எலிக்கு என்ன செய்யும்?"

"மொதல்ல தண்ணி தவிக்கும்."

அவர் செம்பை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"அப்புறம் வேர்த்துக் கொட்டும்."

கொட்டியது.

"கடைசியில நிலைகொள்ளாம அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும்."

பழனிக்குமார் எச்சில் கையோடு சாமி படத்திடம் ஓடினார். "பெருமாளே! காப்பாத்து! தாடிக்கொம்புக் கோயிலுக்கே வந்து மொட்டை போட்டுக்கிறேன்! மீசையையும் சேத்து எடுத்துக்க!" பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "ஜோதி, ஆட்டோவைக் கூப்பிடு. அந்த எலி நான்தான்."

நாகஜோதி இலையில் ரசம் ஊற்றினாள். "உக்காருங்க, சோறு ஆறுது."

"சாகப் போறேன் நான்!"

"புரட்டாசியில கருவாட்டை நான் தொடுவேனா? தொடாம எப்படி மருந்து தடவுறது?"

பழனிக்குமார் உட்கார்ந்தார். உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் ரசம் சாதம் முடியும் வரை நிம்மதியாக இருந்தது.

"நாளைக்குக் கடைசிச் சனிக்கிழமை" என்றாள் நாகஜோதி. "கடையைத் திறக்காதீங்க. தாடிக்கொம்பு போகணும்."

அவர் கை தானாக முன்பக்க அலைக்குப் போனது. "அது மருந்துன்னு நெனச்சுச் சொன்னது! இல்லாத மருந்துக்கு வச்ச வேண்டுதல் எப்படிச் செல்லும்?"

"மருந்துதான் இல்ல. பெருமாள் இருக்காருல்ல? காப்பாத்துன்னு கேட்டீங்க. சாகலையே நீங்க?"

"மீசையையாவது விட்டுரு ஜோதி."

"எங்கிட்டக் கேட்டா? நீங்களாக் குடுத்தது. மொட்டையோட நிறுத்தியிருக்கலாம்."

அக்டோபர் 11, புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை. தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, மேலுதடும் வெறுமையாக, பழனிக்குமார் ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்து வீடு திரும்பினார். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்த சூசை, "யாரு வேணும்?" என்று கேட்டார்.

அக்டோபர் 18, ஐப்பசி முதல் தேதி, காலையில் பொறிக்குள் எலி இருந்தது. நாகஜோதி அதில் வைத்திருந்தது தேங்காய்ச் சில்லு.