அலுவலக நேரத்தில் வரும் பிழை

மைக்ரோவேவ் இணைப்பு என்பது மிக எளிய விஷயம். சூலக்கரையில் ஒரு மாடியில் ஒரு தட்டு, அதாவது டிஷ் ஆன்டெனா. விஸ்வநத்தத்தில் எங்கள் தொலைபேசி நிலையத்து மாடியில் இன்னொரு தட்டு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் எதுவும் குறுக்கே வரக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் புரியும். நான் அந்த நிலையத்தின் பொறுப்பு அதிகாரி.

2003இல் இணைப்பைத் திறந்ததும் மாடியில் ஒரு பிளக்ஸ் போர்டு வைத்தேன். பிளக்ஸ் அப்போது புதிது, காதுகுத்துக்குக்கூட வைத்தார்கள். ‘பிழையில்லாப் பேச்சு’ என்று பெரிய எழுத்து. மூலையில் அடக்கமாக என் படம், ஆளுயரத்தில்.

ஆடி பிறந்தது. பிழையும் பிறந்தது. பேச்சு நறுக்கு நறுக்காக விழுந்தது.

“லைன் குடுத்திருக்கீகளா, விக்கல் குடுத்திருக்கீகளா சார்?” என்று வந்து நின்றார் பட்டாசு வியாபாரி பீர் முகைதீன். “ஒரிசாவுல கட்டாக் பார்ட்டி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. ஆடியில ஆர்டர் பிடிக்கலேன்னா இந்தத் தீபாவளிக்கு அம்புட்டு வெடியையும் நானே வெடிக்கணும்.”

“ஆவன செய்யப்படும்” என்றேன்.

மேலிடத்திலிருந்து ஆய்வுக்குழு வந்தது. வெயில் தாழ்ந்த பிறகுதான் வந்தது. அப்போது பிழை இல்லை. ‘பிழை காணப்படாததால் அதைச் சரிசெய்யும் அவசியம் எழவில்லை’ என்று எழுதிவிட்டுப் பரோட்டா சாப்பிட விருதுநகர் போய்விட்டது.

நான் விடவில்லை. பிழையைக் கவனித்தேன். காலை பத்து மணிக்கு மேல் வருகிறது, சாயங்காலம் போய்விடுகிறது. எங்கள் நிலையத்தில் வேறு யாருக்கும் அந்த ஒழுங்கு இல்லை. ஆகவே, அலுவலக நேரத்தில் நடக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று முடிவு செய்தேன். அந்த நேரத்தில் ஊரில் வெடி சோதித்தார்கள், நிறுத்தச் சொன்னேன். பிழை நிற்கவில்லை. அந்த நேரத்தில் மக்கள் போனில் பேசினார்கள். பகலில் பேச வேண்டாம் என்று அறிவிப்பு ஒட்டினேன். புகார்கள் உடனே நின்றன. புகார் சொல்லவும் போன்தானே வேண்டும்? மேலிடம் பாராட்டியது.

பீர் முகைதீன் மறுபடியும் நேரில் வந்தார். “ராத்திரி எவன் சார் ஆர்டர் குடுப்பான்?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் மாடியில் மடமடவென்று சத்தம். ஆடிக்காற்று என் போர்டைப் பெயர்த்துத் தள்ளிவிட்டது. பிழை காட்டும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் முனியராஜ் கத்தினார்: “சார், பிழை சுத்தமா நின்னுருச்சு!”

மாடிக்குப் போனதும் புரிந்தது. பகலில் காற்றடிக்கும்போதெல்லாம் போர்டின் இரும்புச் சட்டம் தட்டுக்குக் குறுக்கே சாய்ந்திருக்கிறது. சாயங்காலம் காற்று அடங்கியதும் நிமிர்ந்திருக்கிறது. சூலக்கரைத் தட்டு இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் தட்டை அல்ல, என் முகத்தை.

“எப்படியோ சரி பண்ணிட்டீகளே!” என்றார் பீர் முகைதீன்.

“தீவிர ஆய்வின் பலன்” என்றேன்.

நன்றி தெரிவிக்க வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து அதே இடத்தில் இன்னும் பெரிய போர்டு வைத்தார்கள். காற்றுக்கு அசையாதபடி சிமெண்டு போட்டு. அன்றிலிருந்து பிழை அலுவலக நேரம் பார்க்கவில்லை. இரவு பகலாக உழைத்தது.

வேறு வழியில்லாமல் பீர் முகைதீனிடம் உண்மையைச் சொன்னேன். “போர்டுதான் பாய் காரணம். இறக்கிருவோமா?”

அவர் அண்ணாந்து பார்த்தார். நடுவில் நான். கீழே வரிசையாக முதலாளிகள். முதல் வரிசையில் அவர், கூலிங் கிளாஸோடு.

“கடைசி வரிசையில செல்லச்சாமி இருக்காருல்ல, அவரை மட்டும் வெட்டிட்டா சரியாகுமா சார்?”

“ஆகாது. கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.”

“தள்ளி வச்சா ரோட்டுக்கு மூஞ்சி தெரியாதே.”

“அப்ப ஆர்டர்?”

மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். “ஆர்டர் அடுத்த வருசமும் வரும். ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீகளே? அந்தத் தட்டு மாட்டுன கம்பம் நம்ம ரெண்டு பேரு தலைக்கு மேலயும் கொம்பு முளைச்ச மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. அதைக் கழட்டிருங்க சார்.”

நானும் அண்ணாந்து பார்த்தேன். உண்மைதான்.

“ஆவன செய்யப்படும்” என்றேன். என் பணிக்காலத்தில் முதல்முறையாக, அதை அன்றே செய்தேன்.