கியர் ஒயில் ஒழுகிய ஞாயிற்றுக்கிழமைகள்

கார் பழுதானால் அதைத் திருத்திக் காட்டுகிறேன் என்று சபதம் எடுப்பவர்கள் உண்டு. என்னுடைய கார் எந்தக் காலத்திலும் திருந்தக்கூடாது என்று சபதம் எடுத்த ஒரே மனிதன், கொழும்பு வெள்ளவத்தையிலே நான்தான்.

காரணம், வத்தளை. அந்த ஊரில் ஒரு குற்றமும் இல்லை. அங்கே என் சகலன் சிவபாதசுந்தரம் இருக்கிறார். ஞாயிறுதோறும் என் மனைவி சரோஜினிதேவியை அவளுடைய அக்கா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அக்காவும் தங்கச்சியும் சமைக்கவென்று குசினிக்குள் புகுந்துவிடுவார்கள். விறாந்தையில் சகலன் தன் சிறுநீரகக் கல்லை எடுத்த கதையைத் தொடங்குவார். முதன்முதல் கேட்டபோது அந்தக் கல் மிளகளவு. போன பொங்கலுக்கு அது அம்மிக்கல். இரண்டு டொக்டர்மார் பிடித்துத் தூக்கினார்களாம்.

ஒரு ஞாயிறு, புறப்படுகிற நேரம், காருக்குக் கீழே சிவப்பாய் ஒரு குட்டை.

"என்னப்பா, கார் ரத்தம் கக்குது!"

"கியர் ஒயில், சரோ. எங்கேயோ ஒழுகுது. இதோட போனால் களனிப் பாலத்து நடுவில கார் படுத்திடும்."

"அப்ப கராஜில விடுங்கோ."

"கராஜ்காரன் ஒரு நட்டு முறுக்கிறதுக்குக் கியர்ப்பெட்டியையே மாத்தச் சொல்லுவான். நானே திருத்துறன்."

"நீங்களோ? பல்ப் மாத்தப் போய் ஒழுங்கை முழுக்கக் கரண்டை நிப்பாட்டின ஆள்!"

ஆனாலும் விட்டுவிட்டாள். காரைத் தூக்கி ஜக் வைத்தேன், அது உருளாமல் அண்டைக்குக் கல் வைத்தேன், காட்போட் மட்டை விரித்தேன், தலையணையும் குட்டி றேடியோவுமாகக் கீழே போனேன். ஆகா! உலகத்தில் மனைவியும் சகலனும் எட்டாத இடம் ஒன்று உண்டென்றால் அது காரின் வயிற்றுக்குக் கீழேதான். படுத்தபடி கிரிக்கெட் கேட்டேன். இடைக்கிடை ஸ்பானரால் 'டங்' என்று ஒரு தட்டு. வேலை நடக்கிறதாம்.

இப்படியே சில ஞாயிறுகள் சொர்க்கமாய்ப் போயின. பிறகு வந்தது விபத்து. எங்கள் அணிப் பையன் ஒருவன் சிக்ஸர் அடித்த சந்தோஷப் புளுகத்தில் கைக்கு எட்டிய நட்டை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டேன். ஒழுக்கு நின்றுவிட்டது! நாற்பது வருஷம் கராஜ் நடத்தியவனுக்கும் வாய்க்காத கை எனக்கு வாய்த்துத் தொலைத்தது.

இனி ஒழுக வைக்க வேண்டுமே? மேல்வீட்டு உம்மு குல்தூம் பெருநாளைக்குத் தந்த பலூடா சிரப் பிரிஜ்ஜில் இருந்தது. அதே சிவப்பு. ஞாயிறு விடிய அரைக்கோப்பையைக் காருக்கடியில் ஊற்றிவிட்டு, "திரும்பவும் ஒழுகுது, சரோ!" என்று குரல் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறும் ஊற்றினேன். காருக்கடியில் கிடந்த நான் திடீரென்று துள்ளத் தொடங்கினேன். சரோ குனிந்து பார்த்தாள்.

"என்ன துள்ளுறீங்கள்?"

"கியர் சுடுது."

"ஓடாத காருக்கு எங்கால சூடு?" அவள் இன்னும் குனிந்தாள். "இதென்ன, எறும்பு பட்டாளமாய்ப் போகுது? கியர் ஒயிலுக்கு எறும்பு வருமோ?"

"ஜப்பான் ஒயில், சரோ. கொஞ்சம் இனிக்கும்."

"நக்கிப் பாத்தனீங்களோ?"

"மெக்கானிக்மார் அப்பிடித்தான் பாக்கிறது."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போனாள். பிரிஜ் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. பிறகு போன் கதைக்கிற சத்தம். திரும்பி வந்தபோது அவள் குரலில் சிரப்பைவிட இனிப்பு.

"பாவம், எத்தினை கிழமையாய்த் தனிய மாயுறீங்கள். வெளியில வராதேங்கோ, தேத்தண்ணியை அங்கேயே தாறன்."

ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். தேநீரை உறிஞ்சினேன். எறும்புகளை மன்னித்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து வாசலில் ஓட்டோ ஒன்று நின்றது. காருக்கடியிலிருந்து எனக்குக் கால்கள் மட்டும்தான் தெரியும். அக்காவின் கால்கள் நேரே குசினிப் பக்கம் போயின. வெள்ளை வேட்டியோடு இரண்டு கால்கள் என்னிடம் வந்தன.

"அத்தான், அவர் கீழதான்," என்றாள் சரோ. "கார் சரிவருமட்டும் ஞாயிறு ஞாயிறு நீங்கள் வந்து அவருக்குத் துணையாயிருக்க வேணும்."

"அதுக்கென்ன பிள்ளை."

வேட்டி மடிந்தது. முழங்கால் தெரிந்தது. பிறகு முழுச் சகலனும் காட்போட்டில் என் பக்கத்தில் வழுக்கி வந்து சேர்ந்து, சுற்றிவரப் பார்த்தார்.

"கொஞ்சம் அரக்கிப் படும் தம்பி. நல்ல இடம் பிடிச்சிருக்கிறீர். கதைக்கேக்க ஒருத்தரும் எழும்பி ஓடேலாது."