பதினேழாம் நம்பர் சாரை

"விரல விடுங்க சார், அதுக்கு மூச்சு முட்டுது."

"நான் விட்டா அது என்னை விடாது, நீ செத்த நேரம் பேசாம..."

"கழுத்த நெரிச்சா எந்த உசுரு சார் சுத்தாம இருக்கும்? நான் சொல்றத..."

"பயிற்சி எடுத்தவன் நானா, நீயா?"

பயிற்சி எடுத்தவர் கண்காணிப்பாளர் வெள்ளைத்துரைதான். அதில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்றுதான் மூன்று நாள் பாம்புப் பயிற்சியில் வாங்கிய சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, உசிலம்பட்டி விதைக் கிடங்கின் வாசலில் மாட்டியிருந்தார். வளர்ப்புப் பாம்பை அச்சமின்றிக் கையாள்வது எப்படி என்று நமது நிர்வாகம் உலகத்துக்கே காட்டிய நாள், எழுபத்தொன்பதாம் வருஷத்து ஆவணி மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்று.

அந்தச் சாரைப்பாம்பு கிடங்குக்கு வந்து நாலு மாதம். வந்ததும் எலி குறைந்தது. பெருக்க வரும் மலையம்மாள் வாளியைத் தட்டினால் மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்காத நாளில் வயிற்றுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி நகர்த்திவிடுவாள். முறையான பயிற்சி இல்லாதவள், அதனால் இதில் உள்ள சிரமம் அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

மறுநாள் தணிக்கை. கிடங்கில் உள்ள ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் இருக்க வேண்டும் என்பது விதி. தராசு, ஏணி, வாளி, அவள் கையிலிருந்த விளக்குமாறு வரைக்கும் போட்டாயிற்று. எந்தப் பதிவேட்டிலும் நம்பர் இல்லாமல் மிஞ்சியது இரண்டுதான்: சாரையும் மலையம்மாளும். அவள் பதினோரு வருஷமாகத் 'தற்காலிகம்'. நிரந்தரப் பணியாளர் பதிவேட்டில் ஒரு நம்பர் கேட்டு அவள் கொடுத்த மனு, மூன்று வருஷமாக வெள்ளைத்துரையின் மேசைத் தட்டில் கிடந்தது. விதியில் இடமில்லையாம். சாரைக்கு இடம் ஒரே காலையில் கிடைத்தது. 'வளர்ப்புப் பிராணி, எலி ஒழிப்பு வகை, நிரந்தரம்.'

நம்பர் எழுதத்தான் பிடித்தார். பயிற்சியில் சொன்னபடியே கழுத்தில் பிடித்தார். சாரை முழங்கை வரைக்கும் சுற்றிக்கொண்டது. விரலை விடச் சொன்ன மலையம்மாளை அதட்டிவிட்டு, விடும் முறையைப் படிக்கச் சொல்லிக் குமாஸ்தாவுக்கு உத்தரவு போட்டார். பெயின்டு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, குமாஸ்தா காசிமாயன் பயிற்சி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"பிடிக்கிறது வரைக்கும் அம்புட்டையும் எழுதியிருக்கீங்க சார். விடுறதக் காணோம்."

விடுவது மூன்றாம் நாள் பிற்பகல் பாடம். சார் முற்பகலிலேயே சான்றிதழை வாங்கிக்கொண்டு மதுரையில் பஸ் ஏறியவர்.

மலையம்மாள் அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. வால் பக்கமிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். உடம்பு முழுவதையும் தன் கையில் தாங்கிக்கொண்டு, அவர் விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சாரை மடித்த துண்டு மாதிரி அவள் கையில் கிடந்தது. காசிமாயன் அதன் முதுகில் பதினேழு என்று எழுதினார்.

வெள்ளைத்துரை கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து அறிக்கை சொன்னார். கண்காணிப்பாளர் பாம்பைப் பத்திரமாகவும் துணிவாகவும் கையாண்டார். உடனிருந்தவர் குமாஸ்தா ஒருவர். வேறு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

பெயின்டு காயும் வரை கேட்டுக்கொண்டு நின்ற மலையம்மாள், மேசைக்கு வந்தாள். மனு கிடந்த தட்டின் மேல் சாரையை மெதுவாக இறக்கிவிட்டாள். சாரின் இரண்டு காலும் நாற்காலிக்கு மேலே ஏறின.

"நாலு மாசத்துச் சாரைக்குப் பதினேழு. பதினோரு வருசமாப் பெருக்குற எனக்கு எத்தனையாம் நம்பர் சார்?"