மரங்கொத்தி பயிற்சிக்குப் போன கதை

ஒரு காட்டில் செங்கமலம் என்றொரு மரங்கொத்தி வேலை பார்த்துவந்தது. மழைக்காலத்துக்கு முன் எல்லா மரங்களையும் தட்டிப் பார்த்து, உள்ளே உளுத்துப்போன மரத்தில் மூன்று துளை போடுவது அதன் வேலை. மூன்று துளையைக் கண்டால், அந்த மரத்தில் குடியிருப்பவர்கள் மறுபேச்சில்லாமல் காலி செய்துவிடுவார்கள். பதினோரு வருடத்தில் ஒரு குஞ்சுகூட மரம் விழுந்து சாகவில்லை.

அந்த வருடம் சிங்கத்தின் அலுவலகத்துக்கு ஓர் அறிவுப்பெட்டி வந்தது. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். அதற்குப் பொறுப்பாளராக நரியைப் போட்டார்கள்.

செங்கமலம் வழக்கம்போல ஓடையோரத்து மருத மரத்தைத் தட்டியது. ‘டக்’ என்று வரவேண்டிய ஓசை ‘டொம்’ என்று வந்தது. உடனே மூன்று துளை போட்டது. அந்த மரத்தில் ஓர் அணில் நான்கு குட்டிகளோடு குடியிருந்தது.

“துளையெல்லாம் இனிமேல் செல்லாதாமே அக்கா!” என்றது அணில். “பெட்டி என் மரத்துக்கு ‘மிக உறுதி’ என்று சீட்டுக் கொடுத்திருக்கிறது. அதை மீறிக் காலி செய்தால் வேறு மரம் ஒதுக்க மாட்டார்களாம். நாலு குட்டிகளையும் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?”

செங்கமலம் நேராக நரியிடம் பறந்தது.

“இன்னும் மூக்கால்தான் தட்டிக்கொண்டிருக்கிறீர்களா, மேடம்?” என்றது நரி.

“மரம் உள்ளே உளுத்துவிட்டது ஐயா. பெருங்காற்று அடித்தால் விழுந்துவிடும்.”

“அது உங்கள் கருத்து. பெட்டி சொல்வது ஆய்வு.”

“பெட்டி மரத்தைத் தட்டிப் பார்த்ததா?”

“படத்தைப் பார்த்தது. இலையெல்லாம் பச்சையாக இருந்ததாம். மேடம், உங்களுக்குக் குறைவது சுயவளர்ச்சி. நாளை பயிற்சிக்கு வந்துவிடுங்கள்.”

பயிற்சியைக் கிளி நடத்தியது. “மாறத் தயாரா?” என்று கேட்டது. “தயார்!” என்றார்கள் எல்லாரும். ஆமை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னது. பிறகு ஒவ்வொருவராகப் பெட்டியிடம் பேசிப் பழகவேண்டும்.

செங்கமலத்தின் முறை வந்தது.

“ஓடையோரத்து மருத மரம் விழுமா?”

“விழாது. அது மிக உறுதியான மரம்.”

“விழும். உள்ளே உளுத்துவிட்டது.”

“அருமையாகச் சுட்டிக்காட்டினீர்கள்! மன்னிக்கவும். அந்த மரம் உள்ளே உளுத்துவிட்டது. நிச்சயம் விழும்.”

செங்கமலம் பெட்டிக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“இதையே ஒரு சீட்டில் தருவாயா?”

“மகிழ்ச்சியுடன்!”

சீட்டைப் படித்ததும் நரி பதறிப்போனது. “ஐயோ, பெட்டியே சொல்லிவிட்டதா!” மாலைக்குள் அணிலுக்குப் புங்க மரம் ஒதுக்கப்பட்டது. மறுநாள் அடித்த காற்றில் மருத மரம் நடுவில் முறிந்து ஓடையில் விழுந்தது.

காடே திரண்டு வந்து பெட்டிக்கு மாலை போட்டது. பயிற்சியை ஒழுங்காக முடித்ததற்காகச் செங்கமலத்துக்கும் ஒரு சான்றிதழ் கிடைத்தது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் அணில் செங்கமலத்தைத் தேடி வந்தது. “அக்கா, என் புங்க மரம் தாங்குமா?”

செங்கமலம் ஒரே ஒரு முறை தட்டியது. பதில் அப்போதே தெரிந்துவிட்டது.

“கொஞ்சம் இரு,” என்றது. “பெட்டியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து, பெட்டி சொன்னதாகச் சொல்கிறேன்.”

நீதி: உண்மை தெரிந்தவர் நிபுணர். அதை எந்தப் பெட்டியில் போட்டு எடுத்தால் செல்லுபடியாகும் என்றும் தெரிந்தவர், சுயவளர்ச்சி அடைந்த நிபுணர்.