பிரஷர் மிஷினும் பண்டிகை ஏலமும்

திற்பரப்பு,
14-10-2008.

கர்த்தருக்குள் பிரியமான மகன் அபினேஷுக்கு, அப்பா சத்தியநேசன் எழுதுவது. நீயும் உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளும் சவூதியில், தம்மாமில் நல்ல சுகத்தோடு இருக்க எங்கள் ஜெபம். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் நான் சுகமா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் இந்த வீட்டில் இப்போது எனக்கு இல்லை. நீ கொடுத்தனுப்பினாயே, கையில் சுற்றிப் பட்டனை அமுக்கினால் பிரஷர் காட்டுகிற மிஷின், அதற்கும் உன் அம்மாவுக்கும்தான் உண்டு. போனில் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான், அபினேஷ் மக்களே. அடுத்த மாதம் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் ஏத்தன் வாழைக்குலை, சேவல், மரச்சீனிக் கிழங்கு எல்லாவற்றையும் ஆலய முற்றத்தில் ஏலம் விளிப்பது வருஷாவருஷம் நான்தான் என்பது உனக்குத் தெரியும். ஒரு முட்டையைக் கோழி விலைக்கு ஏற்றிவிடும் தொண்டை என்று போதகரே சொல்லியிருக்கிறார். அந்தப் போதகர் வீட்டுக்கு உன் அம்மா நேரே போய், "அய்யா, அவியளுக்கு பிரஷர் கூடுதலாக்கும். இந்த வருசம் ஏலம் விளிக்க விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வேலை ரசலையனுக்குப் போகப்போகிறது. ரசலையன் நல்ல மனுஷன், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் 'ஒரு தரம்' என்றால் கையில் பிடித்திருக்கிற சேவலுக்கே கேட்காது.

இத்தனைக்கும் காரணம் மிஷினோடு நீ அனுப்பிய புத்தகம். முழுக்க அரபி. நல்லவேளையாகப் படம் இருக்கிறது என்று நானும் உன் அம்மாவும் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாகப் பார்த்து அதன்படியே செய்தோம். முதல் படத்தில் ஒருவன் பட்டனை அமுக்கினான், நாங்களும் அமுக்கினோம், கையில் சுற்றுகிற பட்டை மேசைமேல் தவளை மாதிரி உப்பிவிட்டது. சரி, கையில் சுற்றியபிறகுதான் அமுக்க வேண்டும் போலிருக்கிறது என்று அதை மட்டும் சொந்த புத்தியால் திருத்திக்கொண்டோம். கடைசிப் படத்தில் ஒருவன் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். பிரஷர் பார்த்து முடிந்தபின் எடுக்க வேண்டிய ஓய்வு என்று நினைத்து நானும் தினமும் கடைசியில் அப்படி உட்கார்ந்தேன். அரபி வலப்பக்கத்திலிருந்து படிக்கிற பாஷை, அந்தக் கடைசிப் படம்தான் முதல் படம் என்பது காலமெல்லாம் வீடுவீடாகக் கரண்ட் மீட்டர் பார்த்த எனக்குத் தோன்றவேயில்லை. ஆக, வாழை விளையில் குலை வெட்டிச் சுமந்துகொண்டு ஏறிவருவேன், பால் விடாத கட்டன்சாயா ஒரு கிளாஸ் குடிப்பேன், மூச்சு வாங்க உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுச் சட்டைக் கைமேலேயே பட்டையைச் சுற்றிக்கொள்வேன். அப்புறம் ஜெபம். நம் வீட்டில் ஜெபிக்காமல் மிக்ஸியைக்கூட ஓடவிட்டதில்லை அல்லவா? உன் அம்மா பட்டனை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்தக் கையை உம்முடைய கையில தாறோம்" என்று தொடங்குவாள். வரிக்கு வரி நான் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால், "சத்தமாட்டு சொல்லுங்க, விசுவாசம் இல்லியா?" என்பாள். ஏலக் குரலில் சொல்வேன். 176 காட்டும். உடனே அவள் இன்னும் உருக்கமாக ஜெபிப்பாள், நான் இன்னும் சத்தமாகச் சொல்வேன், 184 காட்டும்.

அன்று நின்றது உப்பு. மீன்குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் வியாகுலம்மாள் எனக்கென்று எடுத்துவைத்த நெத்திலிக் கருவாட்டைக்கூட உன் அம்மா வாசலோடு திருப்பிவிட்டாள்.

பொறுக்க முடியாமல் குலசேகரத்து டாக்டரம்மாவிடம் மிஷினையும் தூக்கிக்கொண்டு போனோம். "வீட்ல எப்பிடிப் பாப்பீங்களோ அப்பிடியே பாருங்க" என்றார். உன் அம்மா சுற்றி, அமுக்கி, கண்ணை மூடினாள். நான் போட்ட ஸ்தோத்திரத்தில் வெளியே டோக்கனோடு இருந்தவர்கள் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, ஜெபம் நல்லதுதான். அத முடிச்சிட்டு பட்டனை அமுக்குங்க. பாக்குற நேரத்துல வாயே திறக்கப்பிடாது" என்றார். பிறகு என்னை மூத்திரம் போய்வரச் சொல்லி, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிஷம் சும்மா இருக்கவைத்து, சட்டைக் கையைக் கழற்றி, வெறும் கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்துப் பட்டையைச் சுற்றினார். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை பார்த்தார். 130, 132. நான் எழுந்து டாக்டரம்மாவுக்கே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஊமையாட்டு இருந்தா நோவு தெரியாது, அவ்வளவுதான். எம்பிள்ளை வாங்கித் தந்த மிஷின் பொய் சொல்லாது" என்கிறாள். வேலையில் இருந்த காலமெல்லாம் 'மீட்டர் பொய் சொல்லாது' என்று ஊர்க்காரர்களிடம் நான் சொன்ன வார்த்தை, இப்போது என் வீட்டிலேயே எனக்குத் திரும்ப வருகிறது.

ஆகவே மகனே, இந்தக் கடிதம் கண்டதும் போன் செய்து, உன் அம்மாவிடம் டாக்டரம்மா சொன்ன முறைதான் சரி என்று சொல். நீ சொன்னால் கேட்பாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, உப்பு போடு, போதகரிடம் போய்ச் சொன்னதை வாபஸ் வாங்கு என்றும் சொல். ரசலையன் பண்டிகைக்கு நாற்காலி போடட்டும்.

வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உப்புக்கு ஏங்கும் உன் அப்பா,
சத்தியநேசன்.

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது உன் அம்மா வந்தாள். "வாயை மூடியிருந்தா குறையுமாக்கும்? இஞ்ச பாருங்க, நான் இருந்து காட்டுதேன். எனக்கு ஒண்ணுபோலதான் இருக்கும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கல்யாணமான நாள் முதல் அவள் ஐந்து நிமிஷம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. டாக்டரம்மா சொன்னபடியே எல்லாம் செய்தேன். 178, கீழே 106. ஒரு நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தேன். குறையவில்லை. என் கையில் சுற்றிப் பார்த்தேன், 130. "உங்க மிஷின் பொய் சொல்லுது" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது மக்களே. என்னைப் பார்த்துப் பார்த்து இருந்தவளை ஒருவரும் பார்க்கவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. உப்புப் பரணி ஜாடியை நானே பரண்மேல் ஏற்றிவிட்டேன். ஏலத்தை ரசலையனே விளிக்கட்டும், நான் உன் அம்மா பக்கத்தில் இருந்து கேட்கிறேன். நீ போன் செய்யும்போது, டாக்டரம்மா மாத்திரை தந்தால் ஒழுங்காகச் சாப்பிடு என்று மட்டும் அவளிடம் சொல்.

இரண்டாம் தடவை அவள் கையில் பட்டை இறுகியபோது எனக்கு ஸ்தோத்திரம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பேசக் கூடாதல்லவா? வாயை இறுக மூடிக்கொண்டே ஜெபித்தேன். சத்தமில்லாமல் நான் ஜெபித்தது அதுதான் முதல் தடவை.