குடும்பத்துடன் பார்க்கக் கூடாத படம்

மைசூர்
1954, ஆவணி

உ.வே. கேசவமூர்த்தி ஸ்வாமி ஸன்னிதிக்கு, தங்கள் தங்கை அம்புஜவல்லியைக் கைப்பிடித்த சம்பத்குமார் அநேக தண்டன் சமர்ப்பித்து எழுதுவது. இங்கே அனைவரும் க்ஷேமம். க்ஷேமம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

தங்கள் கம்பெனி இங்கே அனுப்பியிருக்கும் அந்தத் தகப்பன் படத்துக்கு, அம்புஜமும் எங்கள் பெண் பத்மாஸினியும் போக இலவசப் பாஸ் அனுப்பப் போவதாக எழுதியிருந்தீர்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன், அனுப்பாதீர்கள். காரணம் தங்களோடு இருக்கட்டும். மண்டி மொஹல்லாவில் நான் கணக்கெழுதிய ஜவுளிக்கடையை ஆடியிலேயே மூடிவிட்டார்கள். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. வழக்கம்போல் கோட்டை மாட்டிக்கொண்டு, தங்கள் தங்கை கட்டித்தரும் தயிர்சாதத்தோடு கிளம்பிவிடுகிறேன். நான் வெளியில் கை நனைக்காதவன். பாத்திரம் காலியாகத் திரும்பாவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும், தெருவில் நாலு பேர் பார்க்கச் சாப்பிடவும் கூச்சம், ஆகவே தங்கள் படம் ஓடும் கொட்டகைக்கு மத்தியான ஆட்டத்து இருட்டைத் தேடிப் போனேன்.

போனால், திரையிலும் ஒருவன் வேலை போனதை மறைத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான்! முழங்கையில் என்னுடையதைப் போலவே ஒட்டு. அவன் மரத்தடியில் உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தான். கொட்டகை முழுக்க டக் டக்கென்று மூடிகள் திறந்தன. திரை வெளிச்சத்தில் பார்க்கிறேன், வரிசை வரிசையாகக் கோட்டும் குடையுமாக ஆண்கள், ஒரு பெண்பிள்ளை இல்லை, குழந்தை இல்லை, யாரும் யாரையும் பார்க்காமல் மென்றுகொண்டிருந்தார்கள். அவன் கையை நிறுத்தினான், அவர்களும் நிறுத்தினார்கள். என் கையும் நின்றுவிட்டது, ஸ்வாமி, நானாக நிறுத்தவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைத் திருப்பாமல், "எத்தனை நாளாச்சு சாமி உங்களுக்கு?" என்றார். எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்ததுதான் பயமாக இருந்தது. "ஆடியிலேர்ந்து" என்றேன். "பழகிடும்" என்றார். அன்றிலிருந்து தினமும் போகிறேன். எவ்வளவு கூட்டமானாலும் அந்த ஒரு நாற்காலி எனக்காகக் காலியாகவே இருக்கிறது.

சுவரொட்டியில் 'குடும்பத்துடன் கண்டு களியுங்கள்' என்று போட்டிருக்கிறீர்களே, அடுக்குமா? அதை அடித்துவிட்டு, 'தகப்பன்மார் மட்டும், தனியாக' என்று போடச் சொல்லுங்கள். அம்புஜம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால் நான் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

மன்னிக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். பெருமாள் தங்கள் கம்பெனிக்கு நல்ல கதைகளாக, தகப்பனே இல்லாத கதைகளாகக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அடியேன் சம்பத்குமார்

பி.கு.: பாஸ் விஷயத்தை மறந்துவிடுங்கள். இந்த உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். தங்கள் தங்கை அடுப்பை விட்டுத் திரும்பாமலே, "நாளையோட அந்தப் படம் மாறிடறதாமே. அடுத்தது ராஜா ராணி கதையாம், குழந்தை குட்டியோட எல்லாரும் வருவா. மத்தியானம் எங்க உக்காந்து சாப்பிடுவேள்? ஆத்துக்கே வந்துடுங்கோ" என்றாள்.