கேட்டதும் கெட்டதும்

"அந்த அருளம்மா என் குரல் கெட்டுப்போச்சுன்னு ஊருக்கே எழுதிவிட்டிருக்கா, மாப்ள."

வேலையிலிருந்து அப்போதுதான் வந்த கிளைவ், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், மாமனார் பாக்கியசாமி காட்டிய கணினித் திரையைக் குனிந்து பார்த்தான்.

ஆயர் குரோ தொழிற்பேட்டையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன் கிளைவ். அந்த ஆண்டுதான், தொண்ணூற்று ஒன்பதில், ஒரு மின்னஞ்சல் குழுவை ஆரம்பித்திருந்தான். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள், தோட்டம் கைமாறியபின் திசைக்கொன்றாகப் போய்விட்டன. சிலர் ஆயர் குரோவில், சிலர் சுங்கை ரம்பாயில், சிலர் லூபோக் சீனா ஊரிலேயே. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். பழையபடி ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்தான். குழுவுக்கு 'அன்பர் வட்டம்' என்று பேரும் வைத்தான்.

அன்றைக்கு வட்டத்தில் வந்திருந்த கடிதம் ஒரே வரி. எழுதியவர் அருளம்மாள் டீச்சர், தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாடகர் குழுவில் பெண்களுக்குத் தலைவி. பாக்கியசாமி பாடிய ஞாயிற்றுக்கிழமைப் பூசையைப் பற்றி எழுதியிருந்தார். கணினியில் தமிழ் எழுத்து வராது என்பதால் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். அப்படி எழுதும்போது 'கேட்டது', 'கெட்டது' இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான்.

"கெட்டதுன்னு எழுதல மாமா. 'அண்ணன் பாக்கியசாமியின் குரல் கடைசி வரைக்கும் கேட்டது'. பின்னால உக்காந்தவங்களுக்கும் கேட்டுச்சாம். பாராட்டியிருக்காங்க."

"அப்ப ரெட்டக்கொம்பு எங்க?"

"இங்கிலீஷ்ல ஏது மாமா கொம்பு?"

"காலம்பூரா பிள்ளைங்களுக்குக் கொம்பு போடச் சொல்லிக் குடுத்தவ, எனக்கு எழுதும்போது மட்டும் ஒரு கொம்ப ஒடிச்சிட்டாளா?"

கிளைவுக்குச் சட்டென்று பயம் வந்தது. "பதில் எதுவும் போட்டுடலயே?"

"போட்டாச்சு."

"என்னன்னு?"

"'டீச்சரம்மாவின் காது கேட்டது'ன்னு."

"கேட்டதா, கெட்டதா?"

"அவ எப்படி வேணும்னாலும் படிச்சுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு பாக்கியசாமி எழுந்து குளிக்கப் போனார்.

உள்ளேயிருந்து கேத்லீன் குழந்தையோடு வந்தாள். கிளைவின் மனைவி, பாக்கியசாமியின் ஒரே மகள். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அதற்கு ஞானஸ்நானம். கேத்லீனுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர் என்பதால், ஞானத்தாயாக நிற்க அருளம்மாள் டீச்சரிடம் எப்போதோ சொல்லி வைத்தாகிவிட்டது.

"அப்பா என்னமோ செஞ்சிருக்காரு, மொகத்த பாத்தாலே தெரியுது. சரி பண்ணிடுங்க," என்றாள்.

"சின்ன விஷயம். ஒரு விளக்கம் போட்டா முடிஞ்சிடும் லா."

அப்போதே உட்கார்ந்து விளக்கம் எழுதினான். டீச்சர் எழுதியது இரட்டைக்கொம்புக் 'கேட்டது' என்றும், ஒற்றைக்கொம்புக் 'கெட்டது' என்று யாரும் தவறாக எண்ண வேண்டாம் என்றும், அண்ணனின் குரலில் எந்தக் குறையும் இல்லை என்றும் வட்டம் முழுவதற்கும் அனுப்பினான்.

மறுநாள் பதில்கள் வந்தன. முதல் பதில்: "நாங்கள் கேட்டது என்றுதான் படித்திருந்தோம். நீங்கள் சொன்ன பிறகுதான் யோசிக்கிறோம்." லூபோக் சீனாவிலிருந்து ஒருவர், மேல் சுருதியில் அண்ணனுக்குக் கொஞ்சம் நடுக்கம் உண்டுதான், ஆனால் அது பக்தியினால் இருக்கலாம் என்று எழுதினார். சுங்கை ரம்பாயிலிருந்து வந்தது எல்லாவற்றிலும் சின்னது: "இரண்டுமே சரி."

அருளம்மாள் டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நான் நல்லத எழுதினேன், அவரு கெட்டதப் படிச்சாரு. அவரு மனசுல என்ன இருக்குன்னு இப்பத் தெரியுது பாத்தியா, கேத்லீன்?"

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு, டீச்சர்."

"எனக்கு மட்டும் வயசாகலயா? காது கெட்டதுன்னு எழுதறாரு!"

"கேட்டதுன்னு..." என்று கேத்லீன் ஆரம்பித்ததும் லைன் துண்டிக்கப்பட்டது.

கிளைவ் புதிய சட்டம் போட்டான். இனி வட்டத்தில் ஆட்களைப் பற்றி யாரும் எழுதக்கூடாது. வேத வசனங்களை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். ஃபாதரே கூப்பிட்டு, நல்ல காரியம் செய்தாய் என்றார்.

இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் பாக்கியசாமி ஒரு வசனத்தின் எண்ணை மட்டும் அனுப்பினார். விளக்கம் எதுவும் இல்லை. எல்லோரும் வேதப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்கள். கழுதை ஒன்று வாய் திறந்து பேசும் இடம் அது.

மதியத்துக்குள் டீச்சர் இன்னொரு எண்ணை அனுப்பினார். வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றிய இடம். சாயங்காலத்துக்குள் வட்டம் முழுக்க எண்கள் பறந்தன. பாம்பு, பன்றி, செத்த ஈ என்று ஆளாளுக்குத் தேடிக் கண்டுபிடித்து ஆளாளுக்கு அனுப்பினார்கள். பூசைக்கே ஒழுங்காக வராத சுங்கை ரம்பாய்க்காரர் அத்தனை வசனத்தையும் எங்கே பிடித்தார் என்று கிளைவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வசனத்துக்கும் தடை போட்டான். ஜெப விண்ணப்பங்கள் மட்டும் எழுதலாம் என்று அறிவித்தான்.

"பாடகர் குழுவில் தற்பெருமையால் வாடும் ஒரு மூத்த சகோதரருக்காக ஜெபியுங்கள்" என்று முதல் விண்ணப்பம் வந்தது. "எழுத்துப்பிழை என்னும் பாவத்திலிருந்து ஒரு சகோதரி விடுபட ஜெபியுங்கள்" என்று அடுத்தது. அதற்கடுத்து யாரோ, "மாமனாருக்குப் பயந்து சட்டம் போடும் ஒரு மருமகனுக்காக ஜெபியுங்கள்" என்று எழுதி, கீழே பதினைந்து பேர் ஆமென் போட்டிருந்தார்கள்.

கிளைவ் அன்றே வீட்டுக் கணினிக்குக் கடவுச்சொல் வைத்தான். பாக்கியசாமி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சட்டையை மாற்றிக்கொண்டு, பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார்.

மூன்று நாள் கழித்துத் தொழிற்சாலைக்கு ஒரு போன் வந்தது. டவுனில் சைபர் கஃபே நடத்தும் சேகரன். கிளைவுக்குக் கணினியைப் பொருத்திக் கொடுத்ததே அவர்தான்.

"பிரதர், ஒங்க மாமா தெனம் கடைக்கு வர்றாரு லா."

"பாசாருக்குப் போறேன்னாரே?"

"இங்கதான் இருக்காரு. நல்லா டைப் பண்றாரு. ஆனா ஒண்ணு, மூணு பேருல எழுதறாரு. அதுல ஒண்ணு பொம்பள பேரு."

பாக்கியசாமியின் குரலைப் புகழ்ந்து மூன்று நாளாக வட்டத்தில் எழுதிவந்த 'சகோதரி ரோஸ்மேரி' யாரென்று கிளைவுக்கு இப்போது விளங்கியது. அந்தச் சகோதரிக்கு நன்றி சொல்லித் தானே ஒரு பதில் போட்டிருந்ததும் நினைவுக்கு வந்தது.

எழுத்தில் பேசினால்தான் வம்பு, முகம் பார்த்துப் பேசினால் சரியாகிவிடும் என்று கடைசியாக ஒரு வழி யோசித்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய மண்டபத்தில் வட்டத்தைக் கூட்டினான். தேநீரும் கறிபாப் பலகாரமும் ஏற்பாடு செய்தான். லூபோக் சீனாக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள்.

சண்டை வெடித்தால் விலக்கிவிட கிளைவ் இருவருக்கும் நடுவில் நின்றான். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. அருளம்மாள் டீச்சர், "முட்டி வலி எப்படிண்ணே இருக்கு?" என்று பாக்கியசாமியைக் கேட்டார். பாக்கியசாமி எழுந்து நின்று, "பரவால்ல டீச்சர். நீங்க ஒக்காருங்க, இந்த நாற்காலி நல்லா இருக்கும்," என்றார். கழுதை அனுப்பியவரும் கல்லறை அனுப்பியவரும் ஒரே தட்டில் கறிபாப் எடுத்தார்கள். சுங்கை ரம்பாய்க்காரர், நெற்றியில் முடி விழுந்த ஒல்லியான மனிதர், வாயே திறக்கவில்லை.

காரில் திரும்பும்போது கிளைவ் கேட்டான். "ஏன் மாமா, இவ்வளவு எழுதினீங்க, நேர்ல ஒரு வார்த்த கேக்கலயே?"

"நேர்ல எப்படி மாப்ள கேக்கறது? அவ டீச்சர் ஆச்சே. பயமா இருக்கு லா."

கேத்லீன் பின் சீட்டில் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது கிளைவுக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தான். கூட்டத்தைப் பற்றி வட்டத்தில் அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மூத்த சகோதரர் கறிபாப்பைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனதை ஆண்டவர் பார்த்தார் என்று ஒருவர். நாற்காலி கொடுப்பதுபோல் கொடுத்து, கால் ஆடும் நாற்காலியைக் கொடுத்தார் என்று டீச்சர். சகோதரி ரோஸ்மேரி, அந்த நாற்காலி நன்றாகத்தான் இருந்தது, உட்கார்ந்தவரின் எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"மாமா எப்ப எழுதினாரு? இங்கதானே இருந்தாரு!"

"பெட்ரோல் போட நீங்க நிறுத்தினப்ப எறங்கி, பக்கத்துல சேகரன் கடைக்குப் போயிட்டு வந்தாரே," என்றாள் கேத்லீன். அவள் சிரிப்பு போயிருந்தது.

மறுநாள் டீச்சர் கூப்பிட்டார். ஞானத்தாயாகத் தன்னால் நிற்க முடியாது, வேறு யாரையாவது பாருங்கள் என்றார். பாட்டுக் குழுவின் பெண்களும் அன்றைக்குப் பாட வரமாட்டார்களாம். பாக்கியசாமி, "அவ நிக்க மாட்டாளாம், நான் மட்டும் வந்து நிக்கணுமா? நானும் வரல," என்றார். பிறகு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

கேத்லீன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். "எத்தன கோயிலு, எத்தன ஆஸ்பத்திரி ஏறி எறங்கிப் பெத்த பிள்ள. இதுக்குத் தண்ணி ஊத்தற அன்னிக்கி எங்கப்பாவும் இல்ல, என் டீச்சரும் இல்ல. ஒரு பாட்டுகூட இல்ல. ஒங்கள யாரு குழு ஆரம்பிக்கச் சொன்னது?"

கிளைவ் நேராகப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தான். சாதுவான மனிதன் அவன். கோபத்தில் ஒரு கடிதம் எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நீங்கள் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை, காக்கைகள் என்றான். காக்கைகூட ஒன்று செத்தால் மற்றவை கூடி அழும் என்றான். இனி உங்கள் மூஞ்சியில் விழிக்கவே எனக்கு இஷ்டமில்லை, எல்லோரும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாகப் பரலோகம் போங்கள் என்று முடித்தான். அதை அனுப்பிய கையோடு வட்டத்தை இழுத்து மூடினான்.

இரண்டு வாரம் யாரும் கூப்பிடவில்லை. பாக்கியசாமியிடமும் ஒரு வார்த்தை இல்லை. பாசாருக்கு மட்டும் தவறாமல் போய்வந்தார். ஞானஸ்நானத்துக்கு மூன்று பேர் வந்தாலே பெரிது என்று நினைத்து, கிளைவ் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துச் சொன்னான்.

அந்த ஞாயிறன்று குழந்தையோடு தேவாலய வாசலில் இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

வாசலில் அருளம்மாள் டீச்சர், கையில் குழந்தைக்குத் தானே தைத்த வெள்ளைக் கவுன். அவர் பக்கத்தில் பாக்கியசாமி, டீச்சரின் குடையைப் பிடித்துக்கொண்டு. லூபோக் சீனாக்காரர்கள் இரண்டு வேனில் வந்திருந்தார்கள். பாட்டுக் குழுவில் ஒரு பெண்கூடக் குறையவில்லை.

"கொண்டா என் பிள்ளைய," என்று டீச்சர் கேத்லீனிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். "நான் இல்லாம யாரு நிப்பா?"

ஃபாதர் தண்ணீர் ஊற்றினார். குழந்தை வீறிட்டது. பாக்கியசாமி பாட ஆரம்பித்தார், டீச்சர் அவரோடு சேர்ந்துகொண்டார். மேல் சுருதியில் நடுக்கம் வந்த இடத்தில் டீச்சர் தன் குரலை உயர்த்தி அதை மூடிவிட்டதைக் கிளைவ் கவனித்தான். அவனுக்குக் கண் கலங்கியது. அதட்டிச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல்தான் இத்தனை நாள் இவர்கள் இப்படி இருந்தார்கள் என்று எண்ணிக்கொண்டான்.

மண்டபத்தில் சாப்பாடு பத்தவில்லை. இருந்ததை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். எங்கே பார்த்தாலும் சிரிப்பு. கிளைவ் பக்கத்தில் போனால் மட்டும் பேச்சை நிறுத்தி, மரியாதையாக, "வாங்க, வாங்க," என்றார்கள். சுங்கை ரம்பாய்க்காரர் வந்து கையைக் குலுக்கி, "நன்றி," என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். ஒரு கடிதத்துக்கு இவ்வளவு பலனா என்று கிளைவுக்கே கூச்சமாக இருந்தது.

சேகரன் முறுக்கு டின்னோடு கொஞ்சம் தாமதமாக வந்தார். கிளைவ் அவர் கையைப் பிடித்து மூலைக்கு அழைத்துப் போனான்.

"பாத்தீங்களா சேகரன்? குழுவ மூடினேன், எல்லாம் ஒண்ணாயிட்டாங்க. கொஞ்சம் கண்டிப்பா எழுதினேன். அது மனசுல தைச்சிருக்கு."

"ஆமா பிரதர், அந்த லெட்டர் ரொம்ப பேமஸ் லா. பிரிண்ட் எடுக்க என் கடையில கியூ."

"பிரிண்ட்டா?"

"நீங்க மூடின மறுநாளே ஒங்க மாமாவும் டீச்சரும் என் கடையில பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து புதுக் குழு ஆரம்பிச்சிட்டாங்களே, ஒங்களுக்குத் தெரியாதா? இப்ப பழசவிட டபுள் ஆளு."

கிளைவின் முகம் வெளுத்தது. "கடவுளே! மறுபடியும் சண்டையா?"

சேகரன் அவன் தோளைத் தட்டி ஆறுதலாகச் சொன்னார்: "சேச்சே, ஒரு சண்ட கெடையாது பிரதர், எல்லாரும் ஒரே மனசா ஒங்க ஒருத்தரத்தான் கிண்டல் பண்றாங்க."